தொரட்டி வளைவில் ஐப்பசி

எறங்காதீங்க சார். சித்த கம்முனு ஒக்காருங்க. இப்ப எறங்கி அந்தப் பொட்டியத் தொறந்தீங்கன்னா லென்சு பூரா வேர்த்துப் போயிரும், அப்புறம் நாள் முச்சூடும் தொடைச்சுக்கிட்டே கெடக்கோணும். ரயிலு வாரதுக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்குதுங்க. இந்த மஞ்சு, நீங்கெல்லாம் பனிமூட்டம்னு சொல்றது, இது பத்தே காலுக்கு விலகும். விலகுமான்னு கேக்காதீங்க. நாச்சிமுத்து சொன்னா விலகும். இருவது வருசமா இதே பாறமேட்டுலதான் ஜீப்ப நிறுத்தறேன். கேமராக்காரங்க எத்தனை பேர இட்டாந்திருக்கேன்னு கணக்கே இல்லீங்க.

ஆனா ஒண்ணு சொல்லீர்றேன், கோவிச்சுக்கப்படாது. உங்களுக்கு வேளை தப்பிப் போச்சு. போன்லயே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, தையில வாங்கன்னு? தை மாசிதானுங்க இந்த ரயிலுக்கு நல்ல காலம். வெடியால புல்லு மேல உறைபனி கெடக்கும், வானம் நீலமா இருக்கும், என்ஜின் விடற ஆவி கலையாம அப்படியே நிக்கும். எதுத்தாப்பல அந்தச் சரிவு இருக்குது பாருங்க, இப்ப ஒண்ணும் தெரியாது, அங்க முள்முருங்கை மரம் நாலஞ்சு நிக்குது. அது பூத்துச் செவசெவன்னு இருக்கும். தையிலயும் மாசியிலயும்தான் பூக்கும், மத்த மாசமெல்லாம் வெறும் முள்ளு. பங்குனி சித்திரைல வந்தீங்கன்னா கூட்டம், ரயில்ல ஒத்தக் கால் வெக்க எடமிருக்காது, தூரத்து மலையெல்லாம் புழுதி படிஞ்சாப்பல மங்கலாத் தெரியும். ஆனி ஆடியில சாரலும் காத்தும். பொகைய அந்தக் காத்து பிச்சுப் போட்டுரும், அட்டை வேற காலச் சுத்திப் புடிக்கும். ஐப்பசி கார்த்திகையச் சொல்லவே வேண்டாம். ராத்திரி பூரா ஊத்தும், மண்ணு சரியும், லைன்ல பாறை விழுகும், பாதி நாளு ரயிலே ஓடாது. ரோட்டுல மரம் சாஞ்சு மத்தியானம் வரைக்கும் ஒக்காந்திருக்கோணும்.

ஆனா பாத்துக்குங்க, அசலான படம் விழுகறதும் இந்த ஐப்பசியிலதான். ரெண்டு மழைக்கு நடுவால பத்து நிமிசம் தெறக்கும். அப்ப மலைய யாரோ கழுவித் தொடைச்சு வெச்ச மாதிரி இருக்கும். எதுத்த சரிவுல ஆடு மேயறது கூடத் தெரியும். அதுக்காவத்தான உங்களாட்டம் ஆளுங்க உசுரக் கையில புடிச்சுக்கிட்டு வாராங்க.

வேண்டாமுங்க, போன எடுக்காதீங்க. என்ன படம்னு எனக்குத் தெரியும். தொரட்டி வளைவு, கறுப்புப் பொகை கோபுரமா நிக்குது, நீலப் பொட்டி நாலும் வளைஞ்சு வருது. அதான? இதே மாதிரி வேணும்னு சொல்லுவீங்க. எல்லாரும் அதைத்தானுங்க சொல்றாங்க. மூணு வருசமா ஜீப்புல ஏறுற ஒவ்வொருத்தரும் போன எடுத்து எம் மூஞ்சிக்கு நேரா நீட்டறாங்க. பெங்களூருக்காரர் ஒருத்தர் எடுத்த படமுங்க அது. இங்கதான், இப்ப நீங்க ஒக்காந்திருக்கற எடத்துக்குப் பக்கத்துல, அந்தப் பாறை மேல கேமரா முக்காலி போட்டு எடுத்தாரு. நாந்தான் இட்டாந்தேன். நாந்தான் எடம் காட்டுனேன். அதுக்குப் பரிசு குடுத்தாங்க, காலண்டர்ல போட்டாங்க, ஊருல ஒரு ஓட்டல் பாக்கியில்ல.

பொகையா? அது தானா வராதுங்க. அட, அது தானா வந்திருந்தா நான் எதுக்கு?

சொல்றேன். இப்பச் சொல்றதுல என்ன இருக்குது. அந்த வளைவுக்குப் பக்கத்துல ஒரு மண்மேடு. என்ஜின்ல இருந்து பாத்தா தூரத்துலயே தெரியற எடம். எனக்கும் என்ஜின் டிரைவருக்கும் ஒரு பேச்சு. கேமராக்காரங்க காத்திருக்காங்கன்னா, நானோ என்ற ஆளு ஒருத்தனோ அந்த மேட்டுல நின்னு துண்டை மூணு தடவை ஆட்டுவோம். மூணே தடவை, அவ்வளவுதான். டிரைவர் பாத்துக்குவாரு. வளைவுக்கு வர்றப்ப அடுப்பக் கெளறிவுட்டு, விசிலும் அடிச்சு, பொகையத் தூக்கி நிறுத்துவாரு. பாக்க வந்தவங்களுக்குச் சந்தோசம், ரயிலுக்கும் பேரு. தப்பா ஒண்ணுமில்லியே?

செவப்புத் துண்டுங்க. வேற கலரு ஆகாது. வெள்ளை மஞ்சுல கரைஞ்சு போயிரும், பச்சை தேயிலைக்குள்ள மறைஞ்சுரும். எல்லாத்தையும் ஆட்டிப் பாத்தேன். செவப்பு ஒண்ணுதான் எடுபடும்.

ராயப்பண்ணன் மட்டும் மொணமொணன்னுகிட்டே இருப்பாரு. அவரு லைன்ல வேலை பாத்தவருங்க. மழைக்காலத்துல ரயிலுக்கு முன்னாடி தண்டவாளத்தோரமா நடந்து, மண்ணு சரிஞ்சிருக்கா, பாறை உருண்டிருக்கான்னு பாக்கற சோலி. ஒத்த ஆளு, ஒரு குடை, கக்கத்துல சுருட்டுன ரெண்டு கொடி. ஸ்டேசன் வாசல்ல நேத்துச் சாயங்காலம் டீ குடிச்சமே, லூர்து அக்கா, அவங்க வீட்டுக்காரரு. என்னைப் பாத்தாப் போதும், "நாச்சி, செவப்பு எங்களுதுடா. வேற எதையாச்சும் ஆட்டு"ன்னு ஆரம்பிச்சுருவாரு. "ஏண்ணா, செவப்ப உங்க ரயிலுக்கு எழுதி வாங்கிட்டீங்களா"ன்னு நான் சிரிப்பேன். அவரும் சிரிச்சுருவாரு. ஒரு தடவை மட்டும் சிரிக்கல. என்ற கழுத்துல கெடந்த துண்டைப் புடிச்சு, "ஒரு நாளைக்கு நெசமா நான் ஆட்டறப்ப எவனும் நிக்கமாட்டான் பாரு"ன்னு சொன்னாரு. நல்ல மனுசன், கொஞ்சம் பயந்த சுபாவம், அப்படீன்னு நெனச்சுக்கிட்டேன்.

நான் எதுக்கு இதைச் சொல்ல வந்தேன்? ஆங், மஞ்சு.

எல்லாம் மஞ்சாலதானுங்க. விசாரணைக்கு வந்தவங்களும் அப்படித்தான் எழுதுனாங்க. மஞ்சுல கொடி தெரியலைன்னு. எங்கிட்டயும் கேட்டாங்க, "பாறமேட்டுல நீ இருந்தியாமே, எப்படி இருந்துச்சு"ன்னு. "ஐப்பசிங்க, மஞ்சுதானுங்க"ன்னு சொன்னேன். ஐப்பசின்னா மஞ்சுதான? அதுல என்ன பொய்யி?

அன்னைக்கு ராத்திரி பூரா மழை. வெடியால வெறிச்சுது. பெங்களூருக்காரர அந்தப் பாறை மேல நிறுத்திட்டு, துண்டு ஆட்டறதுக்கு நான் வளைவுக்குப் போயிருக்கோணும். போகல. வழியில மரம் விழுந்து கெடந்துச்சு, அதை வெட்டி ஒதுக்கறதுக்குள்ள நேரமாயிப் போச்சு. "இன்னைக்குப் பொகை கெடைக்காதுங்க, கெடைச்சத எடுத்துக்குங்க"ன்னு அவருகிட்டச் சொன்னேன். மனுசன் மொகம் சுண்டிப் போச்சு. துண்டு என்ற கழுத்துலதான் கெடந்துச்சு. இதை நல்லாக் கேட்டுக்குங்க, என்ற கழுத்துலதான் கெடந்துச்சு. அன்னைக்கு நான் ஆட்டவே இல்ல.

ரயிலு கீழ விசிலடிச்சுது. அப்பப் பாத்துத் தெறந்துச்சு பாருங்க! ஒரு நொடியில திரையச் சுருட்டி எடுத்த மாதிரி. எதுத்த மேட்டுல செவப்பாத் துணி ஆடுது. எனக்கு மொதல்ல கோவந்தானுங்க வந்துச்சு. எவன்டா அது, என்ற சோலியக் கத்துக்கிட்டு எனக்கே போட்டியா வந்து நிக்கறவன்னு. அதுக்குள்ள என்ஜின் பொகையக் கக்குச்சு. அப்படி ஒரு பொகைய நான் பாத்ததே இல்லீங்க. "எடுங்க சார், எடுங்க எடுங்க!"ன்னு நான் கத்தறேன். குதிக்கறேன். ஐயோ சாமி, குதிச்சேனுங்க.

துணி நிக்கல சார்.

நான் மூணு தடவை ஆட்டிட்டு நிறுத்திருவேன். அது நிக்கல. ஆடுது, ஆடுது, ஆடிக்கிட்டே இருக்குது. ரெண்டு கையாலயும் ஆட்டற மாதிரி. அப்புறம் மேட்டுல இருந்து எறங்கி, லைனுக்கே ஓடுச்சு.

ராத்திரி ராட்சசப் பாறை ஒண்ணு உருண்டு வளைவுக்கு அக்கட்டால தண்டவாளத்து மேல ஒக்காந்திருக்குது. ராயப்பண்ணன் அதைப் பாத்துட்டு ஓடியாந்திருக்காரு. தண்டவாளத்துல சின்ன வெடி வெச்சு, சத்தங்காட்டி வண்டிய நிறுத்தற பழக்கம் ஒண்ணு அவங்களுக்கு உண்டு, அதுக்கும் நேரமில்ல. தூரத்துலயே தெரியற எடம் எது? அந்த மேடுதான். மேட்டுல ஏறிக் கொடிய ஆட்டியிருக்காரு. வண்டி நிக்கறதுக்குப் பதிலா பொகைய விட்டுக்கிட்டு வருது. கடைசியில மனுசன் லைன்லயே எறங்கி வண்டிக்கு எதுத்தாப்பல ஓடியிருக்காரு. பிரேக்கப் போட்டாங்க. பாறைக்கு நாலு முழம் இருக்கறப்ப வண்டி நின்னுச்சு. அத்தனை சனமும் பொழச்சுது, ஒரு கொழந்தைக்குக் கூடச் சிராய்ப்பு இல்ல. அவரு ஒதுங்க எடமில்லாத எடத்துல நின்னிருந்தாரு. சின்னப் பாலம். பள்ளத்துல குதிச்சாரு. மழையில ஊறுன பாறை, கால் வெச்சா நிக்குமா?

டிரைவர் ஒரே ஒரு தடவைதான் எங்கிட்டப் பேசுனாரு. அடக்கம் முடிஞ்சு மாதா கோயில் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தோம். "உன் துண்டுன்னு நெனச்சேன் நாச்சி" அப்படின்னாரு. அவ்வளவுதான். அப்புறம் மாத்தல் வாங்கிக்கிட்டுக் கீழ போயிட்டாரு. போன் போட்டா எடுக்கறதில்ல.

ஏனுங்க, அப்படிப் பாக்கறீங்க? ஹாரனா?

ஆமா, காலைல நாந்தான் பெருமையடிச்சேன். இந்த ஜீப்பு ஹாரன் அந்த வளைவு வரைக்கும் கேக்கும், அடிச்சா டிரைவர் விசிலடிச்சுப் பதில் சொல்லுவாருன்னு. சொன்னேனுங்க. அது காத்து இந்தப் பக்கமிருந்து அடிச்சாக் கேக்கும். அன்னைக்குக் காத்து எப்படியோ, யாருக்குத் தெரியும்? கேட்டிருக்காது. ஹாரன் அடிச்சா கேமராக்காரருக்குக் கை ஆடிரும்னு நான் அடிக்கலைன்னு நீங்க நெனச்சா நெனச்சுக்குங்க. எனக்குப் புரியறதுக்கே நேரமாச்சு. கொஞ்ச நேரந்தான். துணி நிக்காம ஆடுன அந்தக் கொஞ்ச நேரம்.

சரி விடுங்க. டீ ஊத்தட்டுங்களா? பிளாஸ்க்குல இருக்குது. வீட்டு டீதான். அக்கா கடைல இன்னைக்கு வாங்க முடியல. பூட்டியிருக்குது. ஞாயித்துக்கெழமை பூசைக்குக் கூடப் பக்கத்துக் கடைக்காரம்மாவ ஒக்கார வெச்சுட்டுத்தான் போவாங்க. இன்னைக்குப் பூட்டு தொங்குது. ஒடம்பு கிடம்பு சரியில்லையோ என்னமோ.

கடைல அந்தக் காலண்டரப் பாத்தீங்கல்ல? மூணு வருசம் முந்துன காலண்டர், இன்னும் மாட்டி வெச்சிருக்காங்க. மொத மொதல்ல அதைக் கொண்டாந்து மாட்டுன அன்னைக்கு நான் டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். "இந்த மூலையில செவப்பா என்ன தம்பி இது"ன்னு கேட்டாங்க. பொட்டு மாதிரி இருக்கும், உத்துப் பாத்தாத்தான் தெரியும். "முள்முருங்கைப் பூவுக்கா"ன்னேன். அக்கா சித்த நேரம் படத்தையே பாத்துட்டு, "ஓ, பூவா"ன்னாங்க. இன்னொரு டீ ஊத்திக் குடுத்தாங்க. நம்பிட்டாங்க.

தெரியும் சார், தையிலதான் பூக்கும்னு இப்பத்தான் உங்ககிட்டச் சொன்னேன். படம் ஐப்பசியில எடுத்தது. அதெல்லாம் அக்காவுக்கு எங்க தெரியப் போகுது, பாவம், கடையே கதின்னு கெடக்கறவங்க. இந்த மலையிலதான் பொறந்து வளந்தாங்க, அது வேற விசயம். அவங்க வீட்டுக்குப் பின்னால கூட ஒரு முள்முருங்கை நிக்குது. தோசைக்கு அந்த எலையத்தான் பறிச்சு அரைப்பாங்க.

அதுக்கப்புறம் வருசா வருசம் தை பொறந்தா ஒரே பேச்சு. "என்னை ஒரு நாளைக்குப் பாறமேட்டுக்குக் கூட்டிட்டுப் போ தம்பி, அந்தப் பூமரத்தப் பாக்கோணும்." நானும் ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்லுவேன். ரோடு சரியில்லக்கா. யானை நிக்குதுக்கா. மூணு வருசமா யானை நிக்குதுங்க அங்க.

எனக்கு என்ன கொறைங்க? சோலி நல்லாத்தான் ஓடுது. அந்தப் படத்தால ஆளுங்க வாராங்க. ஆனா ஒவ்வொருத்தரும் ராயப்பண்ணனைப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு வாராங்க சார். எடுத்து எடுத்து எங்கிட்டக் காட்டறாங்க. விரல்ல பெருசு பண்ணி வேற காட்டறாங்க. மஞ்சு தெறக்கறப்பவெல்லாம் என்ற கண்ணு அந்த மேட்டுக்குத்தான் போகுது. செவப்பா இருக்குமோன்னு. இல்லைன்னு தெரிஞ்சப்புறந்தான் மூச்சு வருது. துண்டு சீட்டுக்கடியில கெடக்குது. கட்டவும் முடியல, தூக்கிப் போடவும் மனசு வரல. அதனாலதான் ஐப்பசில நான் யாரையும் இங்க இட்டாறதில்ல.

உங்கள மட்டும் ஏன்னா, அக்கா சொன்னாங்க. நீங்க டீ குடிச்சுட்டு ரூமுக்குப் போனப்புறம் கூப்பிட்டாங்க. "தூரத்துல இருந்து வந்திருக்காரு, கூட்டிட்டுப் போ தம்பி. பாறமேட்டுக்குத்தான போவீங்க? எத்தனை மணிக்கு?" பத்து மணிக்கு அங்க இருப்போம்னேன். "அங்கேர்ந்து பாத்தா வளைவுல ஆளு நின்னாத் தெரியுமா?"ன்னாங்க. சும்மா கேக்கற மாதிரித்தான் கேட்டாங்க, டம்ளரக் கழுவிக்கிட்டே. "எங்கக்கா, எறும்பளவு கூடத் தெரியாது"ன்னேன். "செவப்புத் துணி புடிச்சா?"ன்னாங்க. "அதுவும் தெரியாதுக்கா"ன்னுட்டேன்.

இன்னைக்குத் தேதி என்னங்க?

அட. ஆமா. இன்னைக்குத்தானுங்க, அண்ணன் போன நாளு.

பாருங்க, பத்தே கால். நான் சொன்னனா இல்லையா, விலகுது பாருங்க. மேல தெறந்துருச்சு. தேயிலை தெரியுது. லைன் தெரியுது. பாலம். இப்ப எறங்கலாம், எறங்குங்க, ரயிலுக்கு இன்னும் இருவது நிமிசம் இருக்குது, நிதானமா முக்காலியப் போடுங்க, அதோ அந்த மேடு...

சார்.

உங்களுக்கும் தெரியுதா?

செவப்பா, அந்த மேட்டு மேல. எனக்கு மட்டுந்தான் தெரியுதா, உங்களுக்கும் தெரியுதா? வாயத் தொறந்து சொல்லுங்க சார்! ... தெரியுதா. சரி. சரி. அந்தப் பெரிய லென்சப் போட்டுப் பாருங்க. ஆம்பளையா?

பொம்பளையா. சேலை. பழுப்புச் சொட்டரு. குடையக் கீழ வெச்சிருக்காங்களா. கொடிக்கம்போட புடிச்சிருக்காங்களா. அது அண்ணன் கொடிதானுங்க, பொட்டியில பத்திரமா வெச்சிருந்தாங்க. லைனுக்குப் பக்கத்துல இல்லியே? மேட்டு மேலதான நிக்கறாங்க? நல்லவேளை.

ஆட்டறாங்க. எண்ணுங்க சார். மூணு... நாலு... நிறுத்தலீங்களா?

இது ரயிலுக்குக் காட்டறதில்லீங்க. ரயிலுதான் இன்னும் வரலியே. எனக்குக் காட்டறாங்க. தெரியுதாடா நாச்சின்னு கேக்கறாங்க. நம்மள அவங்களுக்கும் தெரியும், ஜீப்பு வெள்ளைதான? நான் பேசாம இருந்தா, தெரியலைன்னு ஆயிரும். சாயங்காலம் போயி, "மஞ்சுக்கா, ஒண்ணும் தெரியல"ன்னு சொல்லலாம். அக்கா "ஓ"ன்னுட்டு டீ ஊத்துவாங்க. வருசா வருசம் ஊத்துவாங்க.

காதப் பொத்திக்குங்க சார்.

...

கேட்டுச்சா? ஹாரன் அங்க கேட்டிருக்குங்களா? நின்னுருச்சா கொடி? பாத்துச் சொல்லுங்க, எனக்குக் கண்ணு மறைக்குது. எறக்கிட்டாங்களா. சுருட்டறாங்களா. ஒக்காந்துட்டாங்களா அங்கயே?

கேட்டுருச்சு. அன்னைக்கும் கேட்டிருக்கும் சார்.

சாவி இந்தாங்க. மழை வந்தா உள்ள ஏறிக் கண்ணாடிய ஏத்திக்குங்க. ரயிலு வரும், நல்லாவே வரும், எடுங்க. பொகை இருக்காது, அதை மட்டும் கேக்காதீங்க. இந்தச் சரிவுல குறுக்கால எறங்குனா அரை மணியில வளைவுக்குப் போயிரலாம். வழி கெட்ட வழிதான், பரவால்ல. அதுக்குள்ள மூடிருமான்னு கேக்கறீங்களா? மூடட்டுமுங்க. கிட்டப் போயித்தான் சொல்லோணும். அன்னைக்கு மஞ்சு இல்லக்கா. நல்லாத் தெரிஞ்சுதுக்கா.